ஆறு திரைகளிலும் பெரிய எழுத்து

"இலவசமா கிடைக்குதுன்னா எதை வேணா நம்ம தலையில கட்டிடுவாரா?"

பெரியக்கா கேட்டதும் தட்டச்சுப் பிரிவே தலையாட்டியது. அந்தப் பதிப்பகத்தில் தட்டச்சு செய்யும் ஆறு பேரில் அவர்தான் மூத்தவர்.

மேலாளர் காதிலும் அது விழுந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

டெக்னீஷியன் பெண் ஒவ்வொரு கணினியிலும் பழைய மென்பொருளை எடுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளக்கூடிய ஆபீஸ் மென்பொருளைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பழைய ஃபைலெல்லாம் திறக்கும்ல?" என்றார் மேலாளர்.

"திறக்கும் சார். தமிழ்ப் பிழைதிருத்தியும் சேர்த்துட்டேன். பி.டி.எஃப். ஒரே கிளிக்ல வந்துடும்."

"எழுத்து?"

"நீங்க சொன்ன மாதிரியே, திரையில ரெண்டு மடங்கு. கறுப்புல வெள்ளை. பட்டனெல்லாம் பெருசு. அச்சுல மட்டும் பழைய அளவுதான்."

"ஆறுலயும்?"

"ஆறுலயும்."

"ஒண்ணாங்கிளாஸ் புத்தகம் மாதிரி இருக்கு," என்று மூலையில் ஒருத்தர் முனகினார்.

"கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாம்?" இது பெரியக்கா.

பத்து நாள் கழித்து, எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க டெக்னீஷியன் வந்தாள். மேலாளர் அறையில் இரண்டு பக்கப் புகார்க் கடிதம். பெரியக்கா அடித்தது. ஆறு கையெழுத்து. முதலாளிக்கும் ஒரு நகல்.

மேலாளர் ஒருமுறை படித்தார். பேனாவை எடுத்துக்கொண்டு, வரிவரியாக மறுபடி படித்தார். எந்தச் சொல்லையும் வட்டமிடாமல் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார்.

"சார், உங்களைக் கிழிகிழின்னு கிழிச்சிருக்காங்க. முதலாளிக்கு வேற போயிருக்கு!" என்றாள், கடிதத்தை எட்டிப் படித்த டெக்னீஷியன்.

"போகட்டும்மா. அவரும் படிக்கட்டும். ரெண்டு பக்கத்துல ஒரு பிழை இல்ல பார்."

அவளுக்குப் புரியவில்லை. அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இது உன்னோட இருக்கட்டும். இதை மாத்துறதுக்கு முன்னாடி ரெண்டு மாசமா பெரியக்கா அடிக்கிறதுல பக்கத்துக்குப் பத்து தப்பு. திரையில மூக்கு இடிக்கிற மாதிரி குனிஞ்சு பார்ப்பாங்க. கேட்டா, தூக்கம் சரியில்லைம்பாங்க. ஆளை மாத்துன்னு முதலாளி சொல்லிட்டார். அவங்க சம்பளத்துலதான் அந்த வீடே ஓடுது."

"அக்காவுக்கு மட்டும் மாத்தியிருக்கலாமே சார்? எல்லாருக்கும் மாத்தி, இப்படிக் கெட்ட பேர் வாங்கணுமா?"

மேலாளர் கடிதத்தை மடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தார்.

"ஒரு மேஜையில மட்டும் எழுத்து பெருசா இருந்தா, ஆபீஸ் கண்ணு பூரா அந்த மேஜை மேலதானே இருக்கும்?"