ரசித்துச் சாப்பிடுகிற மனுஷன்

"கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா மாப்பிள்ளை? ஆபரேஷன் பண்ணி வயித்தைக் குறைச்சுக்கிட்டு வந்தவ எதிர்ல உக்காந்து இப்படியா ரசிச்சுச் சாப்பிடுவாங்க?"

தங்கையைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மாப்பிள்ளை காதில் போட்டுக்கொண்டால்தானே? லாரி ஓட்டுகிறவர். அந்த முரட்டுக் கையால் சூப்பை ஒரு கரண்டி அள்ளி, கண்ணை மூடி, நிதானமாக விழுங்கினார்.

"முதல்ல மிளகு வருது," என்றார் மனைவியிடம். "அது போனதும் வெண்ணெய். கேரட் சும்மா பஞ்சு மாதிரி கரையுது."

எதிரே அவளும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். முன்னால் சின்னக் கிண்ணத்தில் டாக்டர் சொன்ன கஞ்சி. ஜன்னல் வழியே வந்த சாயங்கால வெயில் அவள் முகத்தில் கிடந்தது. மிளகு வந்தது, வெண்ணெய் வந்தது. நாக்கைத் தொடாமலே எல்லாம் உள்ளே இறங்க, அவள் எங்கேயோ மிதந்துகொண்டிருந்தாள். பிறகு, போதும் என்று பாதிக் கஞ்சியோடு கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

போதும் என்கிற சொல்லை அவள் வாயிலிருந்து அக்கா கேட்டதே இல்லை. உப்பு பார்க்கிற சாக்கில் அடுப்படியிலேயே பாதிச் சட்டியைக் காலி பண்ணுகிறவள் அவள். டாக்டர் இரைப்பையைத்தான் வெட்டுவார், பழக்கத்தை யார் வெட்டுவது? ஆபரேஷன் முடிந்து வந்தும் ருசி பார்த்துப் பார்த்து, வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தாள். இப்படியே போனால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சமைப்பாள், கரண்டியை மட்டும் வாய்க்குக் கொண்டுபோக மாட்டாள். ருசியெல்லாம் புருஷன் சொல்லிக் கேட்பதுதான்.

அதற்காக இப்படியா சப்புக்கொட்டுவது, கடையில் போய்ச் சாப்பிட்டால் என்ன என்று அக்கா கேட்டதற்குத் தங்கைதான் சிரித்தாள்.

"அவர் சாப்பிடறதைப் பார்த்தாலே எனக்கு வயிறு நிறைஞ்சிடுதுக்கா."

வெயிலோடு வெயிலாகத் தூறல் விழுந்தது. காயப்போட்ட துணியை எடுக்க அவள் மாடிக்குப் போனாள். கனவில் நடக்கிறவள் மாதிரிதான் போனாள்.

அப்படி என்னதான் இருக்கிறது இந்த சூப்பில்? அக்கா சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டாள். விழுங்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. ஓடிப்போய்ப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் துப்பினாள்.

"உப்பைக் கொட்டி வச்சிருக்காளே! இதையா இவ்வளவு நேரம்..."

"இன்னிக்குப் பரவாயில்லக்கா. நேத்து உப்பே போடல."

"வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

மாப்பிள்ளை மாடிப்படியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சொன்னா, நாளையிலேர்ந்து ருசி பார்க்க ஆரம்பிச்சுடுவாக்கா. எனக்கு அவ வேணும்."