வாரத்துக்கு ரெண்டு பாட்டில்

“ஏனுங்க சிஸ்டர், அந்தக் கட்டில்காரருக்குத் தெனமும் பால் பாட்டில் மாட்டறீங்க. எம்புள்ளைக்கு மட்டும் வாரத்துக்கு ரெண்டுதானா?”

ஆரோக்கியசெல்வி போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

அவள் மகள் ரூபிக்கு நாலு வயது. குடல் முறுக்கிக்கொண்டு, முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டார்கள். சாப்பாடெல்லாம் நரம்பு வழியாகத்தான். சேலத்து டாக்டர் எழுதித் தருவதை ஏற்காட்டில் இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ஏற்றினார்கள்.

“அது பால் இல்லைம்மா, கொழுப்பு மருந்து. ரூபிக்கு அவ்வளவுதான்.”

சாந்தாமேரி சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நின்று நாலு வார்த்தை விளக்கியிருக்கலாம். அந்தப் பழக்கம் அவரிடம் கிடையாது.

செல்வி, தான் கூலி வேலை பார்க்கும் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் பிரபாகரிடம் அழுதாள். “கூலிக்காரி புள்ளைன்னா இளக்காரமுங்க, ரைட்டரய்யா.”

பிரபாகருக்கு ரத்தம் கொதித்தது. கொதித்தால் உடனே போனை எடுத்துவிடுவார். ‘பச்சைக் குழந்தையின் பாலைத் திருடும் நர்ஸ்!’ வீடியோ மதியத்துக்குள் மலை முழுக்கச் சுற்றியது. ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப் டீக்கடையில் டீ ஆறுவதற்குள் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள்.

“வெளிய வித்திருப்பாங்க.”

ஆஸ்பத்திரி மேனேஜர் நடுங்கிப்போனார். சிஸ்டரை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினார். புது நர்ஸிடம், “அந்தம்மா கேக்கற மாதிரி தினமும் போட்டு விடும்மா. நமக்கு எதுக்கு வம்பு?” என்றார்.

ரூபிக்குத் தினமும் வெள்ளை பாட்டில் ஏறியது. கன்னம்கூட உப்பியது.

“இப்பத்தானுங்க புள்ளைக்கு உசிரே வந்திருக்கு. நொம்ப நன்றிங்க.” செல்வி கையெடுத்துக் கும்பிட, பிரபாகர் அதையும் வீடியோ எடுத்துக்கொண்டார்.

ஒன்றரை மாதம் கழித்து சேலத்து டாக்டர் வந்தார். ரூபியின் கண்ணை விரித்துப் பார்த்தார். மஞ்சள். வயிற்றை அழுத்தினார். ஈரல் வீங்கிக் கெட்டிப்பட்டிருந்தது. கட்டிலில் தொங்கிய மருந்துச் சீட்டைப் புரட்டினார்.

“யாரு இதைத் தினமும் போட்டது? கொழுப்பு மருந்து அதிகமானா இவ ஈரல் தாங்காது. வாரம் ரெண்டுதான்னு எழுதியிருக்கேனே! இனிமே தேறுமான்னு என்னால சொல்ல முடியாது.”

செல்வி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் மேனேஜரிடம் திரும்பினார்.

“முதல்ல நானே தினமும்தான் எழுதினேன். கண்ணு லேசா மஞ்சளாகுதுன்னு கண்டுபிடிச்சு, மூணு நாள் விடாம போன் போட்டு, எங்கிட்டச் சண்டை போட்டுக் குறைக்க வெச்சது உங்க சிஸ்டர்தான்.”

டாக்டர் வார்டைச் சுற்றிப் பார்த்தார்.

“சாந்தாமேரியைக் கூப்பிடுங்க. அவங்க இருக்கும்போது எப்படி இப்படி நடந்துச்சு?”