சொன்னது சொன்னபடி

"நான் சொல்றதை மட்டும் எழுதுங்க ஐயா. தப்பாச் சொன்னாலும் தப்பாவே எழுதணும். நீங்களா எதையும் சரி பண்ணக் கூடாது."

போனம்மா இதை மூன்றாம் முறையாகச் சொன்னாள். சாலைப் போக்குவரத்து அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புகளைக் கொடுப்பவள் என்பதால் எல்லோருக்கும் அவள் போனம்மா. கண் தெரியாது. இந்தத் துறைத் தேர்வில் தேறிவிட்டால் திட்டப் பிரிவில் உதவியாளர் ஆகலாம். தவறினால், வயது வரம்பு தாண்டிவிடும். கடைசி வரை "ஹலோ" தான்.

"போன தடவை எழுத வந்த பொண்ணு, 'அக்கா பாவம்'னு நான் சொன்ன பதிலை அதுவா மாத்திடுச்சு. நான் சரியாத்தான் சொல்லியிருந்தேன். மாத்தினதுதான் தப்பு. ரெண்டு மார்க்குல போச்சு."

எதிரே நாற்காலி கிறீச்சிட்டது. அவள் சொல்லச் சொல்லத் தேர்வு எழுத வந்திருக்கும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"எங்க குடும்பத்துல, ஒருத்தர் நம்பி ஒப்படைச்சதுல கை வச்சவங்க கிடையாதும்மா. உங்க பதில் உங்க சொத்து. நான் வெறும் கை."

குரலில் கஞ்சி போட்ட சட்டையின் விறைப்பு. பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

எழுதிக் கொடுக்க வருகிறவருக்கு என்ன தேர்வு என்பதே கேள்வித்தாளைப் பிரித்த பிறகுதான் தெரியும். அதுதான் விதி. தாள் பிரியும் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"மேடம், இந்தத் தேர்வுக்கு வேற யாராவது இருந்தா பாருங்களேன்."

போனம்மா குரல் வந்த பக்கம் சட்டென்று திரும்பினாள்.

"என்ன சார் விளையாடறீங்களா?" என்றாள் தேர்வறைக் கண்காணிப்பாளர். "தாளைப் பிரிச்சாச்சு. நீங்க எழுதலைன்னா அவங்க எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"அதுக்கில்ல மேடம், நான் எதுக்குச் சொல்றேன்னா..."

"நீங்க காரணம் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவங்க நேரம் முடிஞ்சிடும் சார்!"

"ஐயா, கஷ்டமான வார்த்தையெல்லாம் எழுத்து எழுத்தாச் சொல்றேன். பயப்படாதீங்க" என்றாள் போனம்மா, கெஞ்சலாக.

நாற்காலி முன்னால் வந்தது.

"சொல்லுங்கம்மா. ஒரு எழுத்துகூட என்னுதா இருக்காது."

பிறகு தடங்கல் இல்லை. பேனா ஓடியது. கடைசிக் கேள்வியை அவர் வாசித்தார்: "சாலையைக் கடக்கும் இடங்களில் விளக்கு போதும், ஒலி தேவையில்லை என்னும் நூலாசிரியர் கருத்தை விளக்கி, உங்கள் கருத்தையும் எழுதுக."

பாடப்புத்தகத்தைச் சக ஊழியர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்தவள் அவள். ஆசிரியர் கருத்தை மடமடவென்று சொன்னாள். பிறகு தன் கருத்துக்கு வந்தாள்.

"எழுதுங்க. நூலாசிரியர் வண்டிகளை எண்ணியிருக்கிறார், மனிதர்களை எண்ணவில்லை. பச்சை விழுந்துவிட்டதா என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் நான் தினமும் கடக்கிறேன். பக்கத்தில் ஆள் இல்லாத நாளில் வண்டிச் சத்தம் அடங்கும்வரை நிற்கிறேன். எதிர்ப்பக்கம் இருக்கும் அலுவலகத்துக்கு நேரம் கழித்துப் போய்த் திட்டு வாங்குகிறேன். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுதிய பாடம் இது."

பேனா நின்றது.

"அந்தக் கடைசி வரி... அதுவும் வேணுமாம்மா?"

"ஏன் ஐயா, நீங்களும் கார்ல போறவரோ?"

"ஒரு காலத்துல போனேன்."

"அப்ப குத்தத்தான் செய்யும். எழுதுங்க!"

எழுதினார். திரும்ப வாசித்துக் காட்டச் சொன்னாள். எல்லா வரியும் இருந்தது. அந்த வரியும் இருந்தது. குரல்தான் கொஞ்சம் கம்மியது. வயசாச்சே, மூன்று மணி நேரம் எழுதினால் யாருக்குத்தான் களைப்பு வராது என்று இரக்கப்பட்டாள்.

மணி அடித்தது. வராந்தாவில் அவர் முழங்கையைப் பிடித்தபடி நடந்தாள்.

"உங்களுக்குக் கோயில் கட்டணும் ஐயா. பாஸோ ஃபெயிலோ, இந்தத் தடவை எழுதினது நான். எப்படி இந்த வேலைக்கு வந்தீங்க?"

"ரிட்டயர் ஆனதும் வீட்டுல சும்மா இருக்க முடியல. குழம்புக்கு உப்பு எப்பப் போடணும்கிற வரைக்கும் சட்டம் போட்டேன். 'அப்பா, ஊருக்கு உபகாரம் பண்ணுங்க, எங்களை விட்டுடுங்க'ன்னு மக கையெடுத்துக் கும்பிட்டா. என் கையெழுத்து நல்லா இருக்கும். பார்வையற்றோர் சங்கத்துல பேரைக் கொடுத்தேன்." அவர் சிரித்தார். "வாழ்க்கை பூரா நான் சொன்னேன், மத்தவங்க எழுதினாங்க. இப்பத்தான் வாயை மூடிக்கிட்டு எழுதக் கத்துக்கறேன். ஒவ்வொரு தேர்வும் எனக்கொரு பாடம். நான்தாம்மா உங்களுக்கு நன்றி சொல்லணும்."

"எனக்கா? எதுக்கு?"

"ஒரு எழுத்து வேலை ரொம்ப நாளா இழுத்துக்கிட்டே இருக்கு. ஒரு பழைய பாடத்தைத் திருத்தித் தாங்கன்னு பதிப்பாளர் கேட்டுக்கிட்டே இருக்கார். அதுல திருத்த என்ன இருக்குன்னு வீம்பா இருந்தேன். இன்னிக்கு ராத்திரியே உக்காரப் போறேன்."

"அடேயப்பா, நீங்க புத்தகமெல்லாம் எழுதுவீங்களா! எந்தப் பாடம் ஐயா?"

பெரியவர் நின்றார். முழங்கையில் இருந்த அவள் கையின் மேல் தன் கையை வைத்தார்.

"விளக்கு போதும், ஒலி தேவையில்லைன்னு எழுதி வச்சிருக்கேனே... அந்தப் பாடம்தாம்மா."