அனுப்பாத வசவு

காலை வெயில் கணினித் திரையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. தம்பி விசைப்பலகையைப் போட்டு அடிக்கிறான். அக்காவும் அவனும் நடத்தும் இணையதளத்தைப் படித்துவிட்டு ஷூ வாங்குகிறவர்களுக்காக ஆன்லைன் ஷூ கடைக் கம்பெனி கொடுத்துவந்த கமிஷன், ஒரே மின்னஞ்சலில் பாதியாகிவிட்டது. “நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டிருக்கேன்க்கா. அனுப்பட்டுமா?” “இரு. திட்டினா உனக்கு மனசு ஆறும். அவங்களுக்கு என்ன குறையும்?” அக்கா ஈரக் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, அவனை நாற்காலியோடு ஓரமாகத் தள்ளுகிறாள். தளத்தின் அத்தனை லிங்க்குகளும் அவள் அமைத்த ஒரே முகவரி வழியாகத்தான் கடைக்குப் போகின்றன. அதில் பழைய கடையை அழித்து, கமிஷன் தரும் போட்டிக் கடையை எழுதுகிறாள்; இனி எந்த லிங்க்கை அழுத்தினாலும் அங்கேதான் போகும். இருவரும் திரைக்கு நெருக்கமாகக் குனிகிறார்கள். மின்விசிறி மட்டும் கடகடக்கிறது. டிங்! புதுக் கடையில் முதல் விற்பனை. “ஐயோ அக்கா!” மறுபடி டிங். தம்பி மேசையில் தாளம் போட, டீ தளும்புகிறது. அந்த டீ ஆறி ஆடை கட்டியும் டிங் ஓயவில்லை. திடீரென்று கைபேசி அதிர்ந்து மேசைமேல் நகர்கிறது. பழைய கம்பெனியின் மேனேஜர். தம்பி திரையில் காத்திருந்த வசவு முழுவதையும் ஒரே அழுத்தில் அழித்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொள்கிறான். “வணக்கம் சார்! இப்பதான் உங்களை நினைச்சுக்கிட்டிருந்தோம்.”