உச்சியில் இருந்த மீட்டர்

கண்ணாடிப் பெட்டி ஒன்றில் சுருளி என்ற மலைப்பாம்பு வளர்ந்து வந்தது. சட்டை உரிக்கும் நாள் வந்தும் பழைய தோல் அதன் உடம்பை விட்டுக் கழலவில்லை. கண்ணின் மேலும் தோல் ஒட்டிக்கொண்டதால், பக்கத்தில் இருக்கும் இரைகூடத் தெரியவில்லை.

பெட்டியின் உச்சியில் ஈரத்தை அளக்கும் மீட்டர் ஒட்டியிருந்தது. வளர்க்கிற பெண் மூடி வழியே தெளிக்கும் தண்ணீரெல்லாம் அதன் முகத்தில்தான் விழும்.

“அண்ணே, கீழே ரொம்பக் காயுது,” என்றது சுருளி.

“அதெப்படி தம்பி? என் முள் சரியான இடத்துலதானே நிக்குது. உனக்கு மனசுதான் சரியில்ல,” என்றது மீட்டர்.

சுருளியும் ஒருநாள் முழுக்கத் தன் மனசைச் சந்தேகப்பட்டுப் பார்த்தது. அரிப்பு குறையவில்லை. கடைசியில் கண்ணாடியோரம் தட்டுத் தடுமாறி ஏறி, மூக்கால் மீட்டரை நெம்பிவிட்டது. அது தரையில் பரப்பியிருந்த மரச்சீவலில் வந்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் முள் கிடுகிடுவென்று இறங்கியது.

“தொண்டையெல்லாம் வறளுதே. இங்கே எப்படிப்பா ஒருத்தன் குடியிருக்கிறது?” என்று மீட்டர் புலம்பியது.

முள்ளைப் பார்த்த பெண் பதறிப்போய், நனைத்த பாசியை அள்ளிவந்து தரையெல்லாம் பரப்பினாள். மறுநாள் காலை பழைய சட்டை தலையிலிருந்து வால்வரை ஒரே துண்டாகக் கழன்று வந்தது. சுருளிக்கு உலகம் பளிச்சென்று தெரிந்தது.

“பாத்தியா? கீழே ஈரம் போதலன்னு கண்டுபிடிச்சதே நான்தான்,” என்றது மீட்டர்.

“உங்களை விட்டா யாருக்குண்ணே தெரியும்,” என்று சொல்லிவிட்டு, சுருளி ஈரப் பாசிக்குள் சுகமாகச் சுருண்டுகொண்டது.