மஞ்சள் கோட்டுக்கு அந்தப்பக்கம்

உலக வணிக விதிகளைத் திருத்தும் வரைவுக்கு ‘ஆட்சேபணை இல்லை’ என்று அரசு பதில் அனுப்பியது. மறுவாரமே அந்தத் திருத்தத்தின்படி எண்ணூர் அடுக்குமாடியில் தமயந்தி வீட்டுக்கு எதிர்வரிசை வீடுகள் அயல்நாட்டு மண்டலமாகிவிட்டன. நடைவழியில் ஒரு மஞ்சள் கோடு, அங்கே ஒரு சுங்க அதிகாரி.

எதிர்வீட்டு ரெஜினா கொடுத்தனுப்பிய மீன்குழம்புக் கிண்ணத்தைக் கழுவி, ஒரு கை சர்க்கரை போட்டு எடுத்துவந்தாள் தமயந்தி.

அதிகாரி மறித்தார். “காலியா குடுத்துருங்கம்மா. குழம்பு அன்பளிப்பு, வரி கிடையாது. பதிலுக்கு எதையாச்சும் வெச்சுக் குடுத்தா அது வியாபாரம். ரெண்டு வீட்டுக்கும் வரி விழும்.”

“வெறுங்கிண்ணத்தைத் திருப்பிக் குடுத்து எனக்குப் பழக்கமில்ல சார்.”

“அரசாங்கமே ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கு.”

“எங்கிட்ட யாரும் கேக்கலியே,” என்றபடி மஞ்சள் கோட்டைத் தாண்டி ரெஜினா வீட்டு மணியை அழுத்தினாள் தமயந்தி. “எனக்கு ஆட்சேபணை இருக்கு. அதையும் எழுதிக்குங்க.”