தூங்கிட்டியா?

"எட்டு சதவீதமா? பத்து நிமிஷத்துக்கு முன்னாடி பதினொண்ணு இருந்துச்சே!" என்று கத்திய அதிகாரி, மறுபடியும் பொத்தானில் விரலை வைத்தார்.

"அமுக்காதீங்க சார்," என்றார் பெட்டியம்மா.

கடலில் தொலைந்தவர்களைத் தேடும் கட்டுப்பாட்டு அறை அது. எஞ்சின் நின்றுபோன ஒரு சின்னப் படகு, ஒரே ஓர் ஆளோடு நேற்றிலிருந்து மிதந்துகொண்டிருந்தது. அது எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடியது, படகில் இருந்த சோப்பு டப்பா அளவுப் பெட்டி ஒன்றுதான். உள்ளே ஒரு குட்டிக் கணினி. இங்கே பொத்தானை அமுக்கினால் அங்கிருந்து பதில் வரும். பேட்டரி தீர்ந்தால் வராது. மீட்புக் கப்பல் அந்தப் பக்கம் போய்ச் சேர இன்னும் நான்கு மணி நேரம்.

பெட்டிக்கு மென்பொருள் எழுதியவர் என்பதால் அந்த அம்மாளுக்குப் பெட்டியம்மா என்று பெயர். இன்றைக்கு யாரும் கூப்பிடாமலே விடியற்காலையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

கதவில் ஓர் அறிவிப்பு: 'தொலைந்தவரின் உறவினர்களுக்கு அனுமதி இல்லை.' பாசம் வந்தால் கை பதறும், பதறினால் காரியம் கெடும் என்று எழுதப்பட்ட விதி.

"கேக்காம எப்படிம்மா இருக்க முடியும்? எந்தப் பக்கம் அடிச்சுட்டுப் போறான்னு தெரிய வேணாமா?"

"நீங்க கேக்கறதுதான் சார் பேட்டரியத் தின்னுது. உள்ள கெர்னல்னு ஒரு மென்பொருள் இருக்கு, கணினிக்கே மேஸ்திரி மாதிரி. சிப்போட வேகம் முழுக்க அது கையில. வேலை வந்தா உச்ச வேகத்துக்கு ஏத்தும். வேலை குறைஞ்சா, நொடிக்குள்ள நூறு தடவை கணக்குப் பாத்து, படிப்படியா இறக்கும். ஒண்ணுமே இல்லேன்னா தூங்க வச்சிடும். ஒரு துளி கரண்டக்கூட வீணாக்காது."

"அப்ப தூங்க வேண்டியதுதானே?"

"எங்க விடறீங்க? அது கண்ணை மூடப்போற நேரத்துல நீங்க அமுக்கறீங்க. அடிச்சுப் புரண்டு எந்திரிச்சு, பதில் சொல்லிட்டு, மறுபடி படி இறங்குது. பாதிப் படியில அடுத்த அமுக்கு."

அதிகாரி முறைத்தார்.

"எங்க வீட்டுக்காரரும் உங்க ஜாதிதான்," என்றார் பெட்டியம்மா. "நான் அசந்த நேரமாப் பாத்து, தோளைத் தட்டி எழுப்பி, 'தூங்கிட்டியா?'ம்பார். முப்பது வருஷமா இதே கதை. அந்த எரிச்சல்லதான் சார் இதை எழுதினேன். எனக்குத்தான் வாய்க்கல, பெட்டியாவது நிம்மதியாத் தூங்கட்டும்னு."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"ஒரு மணி வரைக்கும் கேக்கவே கூடாது. கப்பல் பக்கத்துல போனதும் ஒரே ஒரு தடவை."

"அதுக்குள்ள பெட்டி செத்துட்டா?"

"சாகாது."

"உங்க வீட்டு ஆளு அங்க மிதந்தா இப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருப்பீங்களா?"

பெட்டியம்மா இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

பத்து மணி. பதினொன்று. அதிகாரி பொத்தானிடம் நான்கு முறை நடந்து போனார். நான்கு முறையும் அந்த அம்மாளின் பார்வை அவரைத் திருப்பி அனுப்பியது. பன்னிரண்டுக்கு டீ வந்தது. பெட்டியம்மா கையை எடுக்கவில்லை. டீ ஆறி ஆடை கட்டியது.

ஒரு மணிக்குக் கப்பலிலிருந்து தகவல்: "வந்துட்டோம். எங்க பாத்தாலும் தண்ணிதான். எந்தப் பக்கம் போக?"

பெட்டியம்மா வலது கையை உருவினார். உள்ளங்கையில் நாற்காலியின் பிரம்புப் பின்னல் அச்சாகப் பதிந்திருந்தது. பொத்தானை அமுக்கினார்.

ஒன்றுமில்லை.

அதிகாரி திரைக்கு முன்னால் குனிந்தார். அப்போதுதான் திரையில் பளிச்சென்று எண்கள் விழுந்தன. படகு இருக்கும் இடம். அதற்குக் கீழே பேட்டரி அளவு: ஏழு சதவீதம்.

நான்கு மணி நேரத்துக்கு ஒரே ஒரு சதவீதம்! நம்பினால் நம்புங்கள், பதினெட்டு வருஷ சர்வீஸில் யாருக்கும் வணங்காத அந்த அதிகாரி, தொப்பியைக் கழற்றிவிட்டு அந்த எண்ணுக்கு முன்னால் நின்றார். அலைக்கு நடுவே, வெயிலில், ஒரு சோப்பு டப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. கூப்பிட்ட கணத்தில் எழுந்து வந்திருக்கிறது.

"எழுதின கைக்குத் தங்கக் காப்பு போடணும்மா," என்றார் மெதுவாக.

அரை மணியில் ஒலிபெருக்கி கரகரத்தது. "ஆள் கிடைச்சாச்சு! பத்திரமா இருக்கார். தண்ணி குடிச்சதும் மைக்கைப் பிடுங்கிட்டார், அங்க யார்கிட்டயோ பேசணுமாம்."

உப்பில் காய்ந்த ஒரு குரல் அறை முழுவதும் ஒலித்தது:

"ஏ புள்ள... தூங்கிட்டியா?"

அதிகாரி கதவில் இருந்த அறிவிப்பைத் திரும்பிப் பார்த்தார். பெட்டியம்மா இடது கையையும் அப்போதுதான் வெளியே எடுத்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.